தொட்டுக் காட்டு

கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் உக்காருன்னாங்க, உக்காந்திருக்கேன். பெஞ்சுலதான் உக்காரச் சொன்னா அந்தப் பொம்பள வார்டர், நான் பாட்டுக்குத் தரையில போய்க் குந்திட்டேன், பழக்கம், காக்கி நிக்கிற எடத்துல என் காலு தானா மடங்கிக்குது. அப்புறம்தான் தரையில குந்தாதீங்கன்னு வக்கீலம்மா பஸ்ஸு பூரா சொல்லிக்கினு வந்தது ஞாபகம் வந்து எழுந்து பெஞ்சுல உக்காந்தேன். வார்டர் ஒரு மாதிரியா பார்த்தா. பாரு, நல்லா பாரு, எனக்கின்னா. ஜன்னலை அட்டை வெச்சு அடைச்சிருக்காங்க. அதுக்கு அந்தாண்ட ஜெயில் முத்தத்துல ஆம்பளைங்களை வரிசையா நிறுத்திக்கினு இருக்காங்க, நான் முன்னாடியே பார்த்துடக் கூடாதாம். அந்த வரிசையில ஒருத்தன் அவன், பாரஸ்ட் கார்டு. மத்தவனுங்க வேற வேற கேசுல உள்ள கிடக்கிறவனுங்க, அவன் வயசுக்கும் ஒசரத்துக்கும் பார்த்துப் பொறுக்கி எடுத்து நிக்க வெச்சிருப்பாங்க. மாஜிஸ்ட்ரேட்டு ஐயா முன்னாடி நான் ஒவ்வொருத்தனா பார்த்துக்கினு போயி, இவன்தான்னு தொட்டுக் காட்டணும். தொட்டு. என் கையால. ரோஸ்லின் வக்கீலம்மா இதைச் சொன்னப்ப நம்பாம திரும்பக் கேட்டேன். "விரலை நீட்டிக் காமிச்சா போதாதாம்மா, தொட வேற தொடணுமா"ன்னேன். "தொட்டா யாரும் மாத்திப் பேச முடியாது பூங்காவனம்"ன்னுச்சு. என்னைத் தொட்டது அவன். அதுக்குச் சாட்சி வேணும்னா நான் அவனைத் தொடணும். நல்லா இருக்குதுய்யா உங்க சட்டம்.

கை வேர்க்குது. புடவையில துடைச்சா திரும்ப வேர்க்குது. வெளிய ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில என் வீட்டுக்காரு கன்னியப்பன் நின்னுக்கினு இருப்பான், டீ வாங்கி ஆற வெச்சுக்கினு, குடிக்காம. காலையில பஸ் ஏர்றப்ப, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு பூங்கா"ன்னான். அது தைரியமா பயமான்னு எனக்குப் புரியல, அவனுக்கும் புரிஞ்சிருக்காது பாவம். அவன் பயத்துக்குக் காரணம் இருக்குது. போன வாரம் அவன் ஆளுங்க ரெண்டு பேர் வந்து குடிசை வாசல்ல பைக்கை நிறுத்திக்கினு, இறங்காமலே பேசிட்டுப் போனாங்க. "பொண்டாட்டி அடையாளம் காட்டட்டும்யா, தாராளமா காட்டட்டும், நாளைக்கு உன் குடிசையில முள்ளம்பன்னி முள்ளு கிடைக்கும், மான் தோலு கிடைக்கும், உள்ள போனா ஜாமீனுக்கு உனக்கு யாரு இருக்கறா"ன்னாங்க. அதுல ஒருத்தன் சிரிச்சுக்கினே சொன்னான். கன்னியப்பன் தலையைக் குனிஞ்சுக்கினு, "சரிங்க சாமி, சரிங்க சாமி"ன்னான். எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. இன்னாத்துக்குய்யா சாமி? காக்கி போட்டா சாமி, பைக்குல வந்தா சாமி, நெலம் வெச்சிருந்தா சாமி. கத்தணும் போல இருந்துச்சு, கத்தல, குழந்தை தூங்கிக்கினு இருந்துச்சு. ஆனா நான் காட்டலன்னா? பயத்துல தடுமாறி வேற எவனையாவது தொட்டுட்டா? அவ்ளோதான், கேசு கிழிஞ்சுது. அவன் வெளிய வந்து, திரும்பக் காக்கியை மாட்டிக்கினு அதே காட்டு எல்லைக் கல்லாண்ட வந்து நிப்பான், நன்னாரி வேர் தோண்டப் போற எங்க பொண்ணுங்க எல்லாம் அவனைத் தாண்டித்தான் போவணும். என் நாத்தனார் மக மல்லிகா இப்பதான் தாவணி போட ஆரம்பிச்சிருக்கா, அவளும் போவா, போகாம கஞ்சிக்கு இன்னா பண்றது. அதை நெனச்சா கை வேர்க்கறது நிக்குது. கொஞ்ச நேரம்தான். திரும்ப வேர்க்குது.

அந்தக் கல்லு. அதுல வெள்ளைக்காரன் எழுத்து வெட்டியிருக்கும், மழையில பாதி அழிஞ்சுபோச்சு. என்னைப் பெத்த நைனா சொல்லுவாரு, துரை குதிரை மேல வந்தான், ஆளை விட்டு சங்கிலி புடிச்சு அளந்தான், கல்லை நட்டான், ராத்திரி தூங்கி எழுந்திரிச்சா நாம திருடங்க. அதுக்கு முன்னாடி நாள் வரைக்கும் கிழங்கு தோண்டினவங்க, தேன் எடுத்தவங்க, பொணத்தைப் புதைச்சவங்க எல்லாம் கல்லு நட்ட மறுநாள்ல இருந்து திருடங்க. அந்தத் துரைக்கே பாம்பு புடிச்சுக் கொடுக்க மட்டும் நாங்க வேணும், அப்ப நல்லவங்க. வெள்ளைக்காரன் போயிட்டான்னு பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தி மிட்டாய் கொடுக்கறாங்க, மல்லிகாவும் வாங்கிக்கினு வர்றா. கல்லு எங்கடா போச்சு? அங்கயேதான் நிக்குது. ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு அடிக்கறான். இந்த ஜெயிலுங்கூட அவன் கட்டினதுதான், வாசல் வளைவுல வருஷம் போட்டிருக்குது, வக்கீலம்மா படிச்சுச் சொன்னாங்க. எங்கம்மா எனக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தாளோ இல்லியோ, கார்டைப் பார்த்தா தலையைக் குனின்னு சொல்லிக் கொடுத்தா. மூஞ்சியைப் பார்க்காத, பார்த்தா மொறைக்கிறியான்னு அடிப்பான், சிரிச்சா கூப்பிடறியான்னு கேப்பான், தரையைப் பாரு. அவங்கம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பா. அந்தத் துரை குதிரையில வந்தப்ப எவளோ ஒருத்தி தலை நிமிர்ந்து பார்த்து வாங்கிக் கட்டிக்கினு இருப்பா, அதுல இருந்து வந்தது இது. அதனாலதான் எங்க பொம்பளைங்க யாருக்கும் எந்த கார்டு மூஞ்சியும் தெரியாது. பூட்ஸு தெரியும், பேன்ட்டு தெரியும், தடி தெரியும். அவனுங்களுக்கும் இது தெரியும். அடையாளம் காட்டவா போறாளுங்கன்னு அதுல ஒரு தெனாவட்டு. அன்னிக்கும் அவன் "தலையைக் குனிடி"ன்னுதான் மொதல்ல சொன்னான். கையில என் கடப்பாறை இருந்துச்சு, புடுங்கி வீசினான். கல்லுக்குப் பின்னாடி இழுத்துக்கினு போனான். அதுக்கு மேல இப்ப வேணாம், இங்க உக்காந்துக்கினு வேணாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் கண்ணை மூடல. எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்களாம், நான் மூடல. எனக்கு இன்னா ஆச்சுன்னு தெரியல, குனியச் சொல்லிச் சொல்லி வளர்த்த கழுத்து அன்னிக்குக் குனிய மாட்டேன்னுடுச்சு, அவன் மூஞ்சியையே பார்த்தேன், முழுசா, மூக்கு, பல்லு, காதாண்ட மயிரு. அவன்தான் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கினான். பார்க்காதடின்னு அடிச்சான். அப்பவும் பார்த்தேன்.

தேசம்மா கண்ணை மூடியிருப்பாளா? தேசம்மா எங்கக்கா. என்னைவிட அழகி, வாயாடி, சிரிச்சா ஏரிக்கரை வரைக்கும் கேக்கும். விறகுக்குப் போனவ வரல. மறுநாள் ஓடையாண்ட கிடந்தா, புடவை கலைஞ்சு, கழுத்துல நீலமா தடிப்பு. அப்ப இருந்த கார்டு வேற ஆளு, இவன் இல்ல, அவன் மாத்தலாகிப் போயிட்டான். ஆளு வேற, துணி ஒண்ணுதான். போலீசு வந்துச்சு, பார்த்துச்சு, பாம்பு கடிச்சுச் செத்துட்டான்னு சொல்லுச்சு. யார் கிட்ட? எங்க கிட்ட! நைனா பொழைப்பே பாம்பு. பாம்பு கடிச்ச உடம்பு எப்படி இருக்கும்னு எங்க சேரியில பால் குடிக்கிற புள்ளைக்குத் தெரியும். நைனா கிட்ட, "என்னாய்யா, பாம்புதானே"ன்னாரு போலீசு ஐயா. நைனா தரையைப் பார்த்துக்கினு, "ஆமாங்க சாமி"ன்னாரு. கட்டை விரலைப் புடிச்சு மையில அழுத்தினாங்க. இன்னா எழுதியிருக்குதுன்னு ஒருத்தரும் படிச்சுச் சொல்லல, நாங்களும் கேக்கல. அந்த வருஷம் மாசி மகத்துக்குக் கடக்கரைக்குப் போனோம், எப்பவும் போல மணல்ல ஏழு படி கட்டி, வேப்பிலை வெச்சு, மஞ்சத் தண்ணி வெச்சு, எங்க குலசாமி கன்னிமாவைக் கூப்பிட்டோம். அம்மா மேல வந்துட்டா கன்னிமா. எங்கம்மா, எவன் வந்தாலும் தலை நிமிராத எங்கம்மா, மயிரை அவுத்து விட்டுக்கினு கடலைப் பார்த்து, "பாம்பு இல்லடா! பாம்பு இல்லடா! காக்கி போட்டவன்டா எம் பொண்ணைக் கொன்னவன்!"னு கத்துனா. சேரியே அழுதுச்சு. விழுந்து கும்பிட்டாங்க. "சாந்தமாகு தாயே, சாந்தமாகு"ன்னு மஞ்சத் தண்ணியை ஊத்துனாங்க. அம்மா மயங்கி விழுந்தா. எழுந்ததும், நான் இன்னா சொன்னேன்னு கேட்டா. ஒண்ணும் இல்லம்மான்னாங்க. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டோம். அவ்ளோதான். கன்னிமா சொல்லிட்டா, எல்லாருக்கும் பாரம் இறங்கிடுச்சு, யாரும் எதுவும் பண்ண வேணாம். எனக்கு மட்டும் இறங்கவே இல்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சதை அம்மாவே சொல்லியிருந்தா இன்னா? கன்னிமா வந்துதான் சொல்லணுமா? இவ்ளோ வருஷம் கழிச்சும் அந்தக் கேள்வி என்னை விடல.

அதையேதான் எங்க மாமியாரு நேத்து சாயங்காலம் சொன்னா. நல்லவதான், என் தலையைத் தடவிக்கினேதான் சொன்னா. "இந்தா பாரு பூங்கா, நீயா காட்டாத. வரிசையாண்ட போனதும் கன்னிமாவை நெனச்சுக்க, அவளை வரச் சொல்லு, அவ உன் மேல வந்து காட்டட்டும். சாமி காட்டினா யார் மேலயும் யாரும் பகை வெக்க முடியாது. நாளைக்கு கார்டுங்க வந்து கேட்டாலும், எம் மருமக இன்னா பண்ணுவா சாமி, ஆத்தாதானே வந்து சொன்னான்னு நான் சொல்லிக்குவேன்." யோசனையா பார்த்தா நல்ல யோசனைதான். கன்னியப்பன்கூட தலையை ஆட்டினான். நான் பஸ்ஸுல வக்கீலம்மா கிட்ட மெதுவா சொன்னேன். அந்தம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஐயையோ பூங்காவனம், அதை மட்டும் பண்ணிடாதீங்க. சாமி வந்துச்சுன்னா புத்தி சரியில்லாத பொம்பளைன்னு எழுதிடுவாங்க. அவன் வக்கீல் அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கான்." அவங்களுக்கு எங்க கன்னிமாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால கோவம் வந்துச்சு. கன்னிமா பைத்தியமா? எங்களுக்குன்னு பேசறதுக்கு இருந்தது அவ ஒருத்திதான்மா. மத்த நாள்ல வாயைத் தொறந்தா அடி. அவ வந்தா மட்டும்தான் எங்க பொம்பளைங்க ஆம்பளையைப் பார்த்து டேய்னு கூப்பிடலாம், நிமிரலாம், கத்தலாம். ஆனா அதுக்கப்புறம் யோசிச்சுக்கினே வந்தேன். வருஷத்துல ஒரு நாள் சாமியா நிமிர்ந்துட்டு மீதி நாளெல்லாம் குனிஞ்சுக்கினு. அதுல யாருக்கு லாபம்? மொதல்ல நான் புகார் கொடுக்கப் போனப்ப ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டரு, "கையைப் பிடித்து இழுத்தார்"னு எழுதினாரே, அந்த மாதிரிதான் இதுவும். அவரு என் பேச்சைச் சுருக்கினாரு, நாம சாமி மேல போட்டுடறோம். ரெண்டுலயும் நான் இல்ல. ஊர்ல பேசிக்கறது இன்னொண்ணு, "பூங்காவனத்தைக் கெடுத்துட்டான்"ங்கறாங்க. அய்ய, நான் இன்னா ஊசிப்போற கொழம்பா? ஒரு மயிரும் கெடல. நல்லா இருக்கேன். கெட்டவன் அந்தாண்ட வரிசையில நிக்கறான்.

"பூங்காவனம்!" வார்டர் கூப்பிடறா. எழுந்திரிக்கறேன். நடக்கறேன். வெயில் மூஞ்சியில அடிக்குது. ஜெயில் முத்தம். சின்னப் பையனாட்டம் இருக்காரு மாஜிஸ்ட்ரேட்டு, கண்ணாடி போட்டுக்கினு, பக்கத்துல எழுதறவரு. "பயப்படாதீங்கம்மா. இந்த வரிசையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பாருங்க. நிதானமா பாருங்க." நீங்கன்னு கூப்பிடறாரு. தலையைத் தூக்கு பூங்காவனம். தூக்க வரல. பாரு, காலுங்கதான் தெரியுது, எல்லாம் செருப்பில்லாத காலு, வரிசையா. அம்மா, உன் பாடம் இன்னும் என் பிடரியில கையை வெச்சு அமுக்குதே. "மூஞ்சியைப் பாருங்கம்மா"ங்கறாரு. அப்பதான் அது வருது. உள்ளங்கால்ல இருந்து ஏறுது, எனக்குத் தெரியும் அது, கெண்டைக்கால்ல சுர்ருங்குது, முதுகுல ஏறுது, பல்லு கிட்டிக்கப் பார்க்குது, காதுல கடல் சத்தம். கன்னிமா. வந்துட்டா. விட்டுடுன்னு சொல்றா. நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன், முழிக்கிறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும், உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுங்கறா. எவ்ளோ நல்லா இருக்குது அது. அம்மாவும் இப்படித்தான் விட்டிருப்பா. எழுதறவரு பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்க்கறாரு, சிரிக்கப் போறாரு. தாயே, நான் உன்னை வேணாங்கல, கோச்சுக்காத, நீ இல்லாட்டி நாங்க எப்பவோ செத்திருப்போம். ஆனா கொஞ்சம் தள்ளி நில்லு. கெடந்தது நீ இல்ல, நான். பார்த்ததும் நான். மாசிக்குக் கடக்கரைக்கு வரேன், படி கட்டறேன், அப்ப வா, உன் இஷ்டத்துக்கு ஆடு. இப்ப போ. போம்மா. நாக்கைக் கடிக்கறேன், ரத்தம் உப்பு கரிக்குது. கடல் சத்தம் குறையுது. ரோட்டுல லாரி போற சத்தம் கேக்குது. தலையைத் தூக்கறேன்.

மொத ஆளு இல்ல. அடுத்தவன் இல்ல. இவன் பாவம், பயந்து போயிருக்கான், எதுக்கு வந்தானோ. இவன் மொறைக்கறான், மொறைச்சுக்கினு போ, நீ இல்ல. இவன் இல்ல. தோ. மீசையை எடுத்துட்டான். மொட்டை வேற அடிச்சிருக்கான், பழனிக்குப் போனவனாட்டம். மீசையை எடுத்தா மூஞ்சி போயிடுமா? மேல பார்த்துக்கினு நிக்கறான், செவுத்தைத் தாண்டி தென்ன மரத்தை. அன்னிக்கும் இப்படித்தான் கண்ணைத் திருப்பிக்கினான். மூக்கு, பல்லு, காதாண்ட. நாத்தம் வருது, அன்னிக்கு வந்த அதே நாத்தம், வியர்வையும் ஹான்ஸ் புகையிலையும். ஓடிடலாமா? கன்னியப்பன் டீக்கடையில நிக்கறான். மான் தோலு. ஜாமீன். வெக்கட்டும், எல்லாத்தையும் கொண்டாந்து வெக்கட்டும், வக்கீலம்மா இருக்காங்க, நான் இருக்கேன், எவ்ளோ நாளைக்குத்தான் வெக்கமுடியும்னு பார்க்கறேன். கையை நீட்டறேன். தோள் மேல ஒரு விரலை வெச்சா போதும்னு வக்கீலம்மா சொன்னாங்க. எனக்கு அது பத்தல. மணிக்கட்டைப் புடிக்கறேன். நல்லாப் புடிக்கறேன், சாரைப் பாம்பு கழுத்தைப் புடிக்கற மாதிரி, நழுவாம. வேர்த்துப் போயிருக்குது, என் கை இல்ல, அவன் கை.

"இவன்தாங்க."

"இவரை எப்படித் தெரியும்? என்ன பண்ணாரு?" மாஜிஸ்ட்ரேட்டு கேக்கறாரு. வரிசையில நிக்கற ஆம்பளைங்க அத்தனை பேரும் கேட்டுக்கினு இருக்காங்க. அதுக்கு வார்த்தையே இல்லாம இத்தனை நாளு அது, அதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். "கல்லாண்ட நன்னாரி தோண்டிக்கினு இருந்தேன். இந்த ஆளு என் கடப்பாறையைப் புடுங்கி வீசிட்டு, கல்லுக்குப் பின்னாடி இழுத்துக்கினு போயி, வாயைப் பொத்தி, எனக்கு இஷ்டம் இல்லாம என் மேல படுத்தான். வேணாம் வேணாம்னேன். விடல." என் குரல்தான். கரகரன்னு, சின்னதா, ஆனா என்னோடது. எழுதறவரு தலையைச் சொறிஞ்சுக்கினு, "சாமி கீமி வந்து சொல்லுச்சாம்மா? உங்க ஆளுங்களுக்கு அப்படி வருமாமே"ங்கறாரு. மாஜிஸ்ட்ரேட்டு அவரை ஒரு பார்வை பார்க்கறாரு.

"சாமி வந்துச்சுங்க. நான்தான் போகச் சொல்லிட்டேன். இது நான் சொல்றது. எம் பேரு போட்டு எழுதுங்க."

பேனா ஓடுது. இவன் கை இழுக்குது, மெதுவா, யாருக்கும் தெரியாம. நான் விடல.

"சரிம்மா, தொட்டாச்சு. ஆளுங்களை இடம் மாத்தி நிறுத்திட்டுத் திரும்பக் கூப்பிடுவோம், மறுபடி ஒருவாட்டி காட்டணும். கையை விடுங்க"ங்கறாரு மாஜிஸ்ட்ரேட்டு.

"எத்தனை வாட்டி மாத்தி நிறுத்தினாலும் காட்டறேன் ஐயா. ஆனா மொதல்ல அவரு எழுதினதைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. கேட்டுட்டு அப்புறம் விடறேன்."